கடை மென்பொருளுக்கு ஒரு சின்ன ஐஎன்ஐ கோப்பு: எந்த லைப்ரரி, எங்கே கவனம்?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த்தில் அம்மா நடத்தும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு சி மொழியில் பில் போடும் மென்பொருள் எழுதுகிறீர்கள். கடைப் பெயர், முகவரி, சேவை வரி, பிரிண்டர் அகலம், ரசீதின் அடியில் வரும் நன்றி வாசகம் எல்லாம் ஒரு சின்ன ஐஎன்ஐ கோப்பில், அதாவது அமைப்புகளைப் பெயர், மதிப்பு என்று வரி வரியாக எழுதும் உரைக் கோப்பில், இருக்க வேண்டும். கடையில் இருப்பது ஒரு பழைய மினி பிசி. அம்மாவோ கல்லாவில் இருக்கும் அண்ணனோ நோட்பேடில் திறந்து தமிழிலேயே மாற்றிக்கொள்ள வேண்டும். இதைப் பிரித்துப் படிக்கும் பார்சரைச் சொந்தமாக எழுதலாமா, லைப்ரரி எடுக்கலாமா, இல்லை ஜேசன், யாமல் போன்ற வேறு கோப்பு வடிவங்கள் பக்கம் போகலாமா?

லைப்ரரி எடுங்கள், தம்பி. உங்கள் தேவைக்கு ஐஎன்ஐஹெச் போதும். பென் ஹாய்ட் என்பவர் 2009-இல் தொடங்கிய சின்ன சி லைப்ரரி அது. ஒரு சி கோப்பு, ஒரு ஹெடர் கோப்பு, அவ்வளவுதான். இரண்டையும் உங்கள் கோப்புகளோடு சேர்த்துக் கம்பைல் செய்தால் முடிந்தது. பிஎஸ்டி உரிமம் என்பதால் நாளைக்கு நாலு கடைக்கு விற்றாலும் பிரச்சினை இல்லை, உரிமக் குறிப்பைக் கூடவே கொடுத்தால் சரி. ஆனால் எந்த லைப்ரரி என்பதில் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். கோப்பைப் படிப்பது இதில் சின்ன வேலை. படித்து வந்ததை நம்பலாமா என்று பார்ப்பதுதான் பெரிய வேலை, அதை எந்த லைப்ரரியும் உங்களுக்காகச் செய்யாது.

நான் பினாங்கின் பாயான் லெப்பாஸில் சோதனை இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதுபவன். பழசு புதுசு என்று பார்க்காமல் இன்னும் ஏராளமான இயந்திரங்களின் அமைப்பு ஐஎன்ஐ கோப்பில்தான் கிடக்கிறது. காரணம் எளிது: இரவு ஷிஃப்டில் இருக்கும் டெக்னீஷியனுக்கு அதைப் பார்த்ததும் புரியும். சதுர அடைப்புக்குள் ஒரு பிரிவு, அதன் கீழே பெயர், சமக்குறி, மதிப்பு. உங்கள் கல்லாவில் நிற்பவருக்கும் அதேதான் வேண்டும்.

சொந்தமாக எழுதினால் என்ன? முதல் நாள் ஐம்பது வரியில் முடிந்துவிடும். அப்புறம்தான் ஒவ்வொன்றாக வரும். வரி முடிவில் விண்டோஸ் போடும் கூடுதல் எழுத்து, மதிப்புக்குள்ளேயே வரும் இன்னொரு சமக்குறி, கடைசி வரியில் என்டர் தட்டாமல் சேமித்த கோப்பு, நோட்பேட் முன்னால் ஒட்டிவிடும் மூன்று பைட். இந்தக் கடைசி ஆள் கொஞ்சம் மோசம். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்புக்கு முன்பு நோட்பேடில் யூடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா எழுத்தையும் பைட்டாக்கும் முறை) என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் கோப்பின் தலையில் பிஓஎம் எனப்படும் அந்த மூன்று பைட் தானாக வந்து உட்காரும். கண்ணுக்குத் தெரியாது. உங்கள் பார்சர் முதல் வரி சதுர அடைப்பில் தொடங்கவில்லை என்று நினைத்து முதல் பிரிவையே விட்டுவிடும். பழைய மினி பிசி என்று சொன்னீர்கள், ஆகவே இது நடக்கும். ஐஎன்ஐஹெச் இதைத் தானாகவே தாண்டிப் போய்விடுகிறது.

விண்டோஸிலேயே ஐஎன்ஐ படிக்கும் பழைய ஃபங்ஷன் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். தமிழுக்கு அது வேண்டாம். அதற்கு யூடிஎஃப்-8 தெரியாது. கோப்பை யூடிஎஃப்-16-இல் சேமித்தால்தான் தமிழ் ஒழுங்காக வரும், அதை அண்ணனிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

இனி ஐஎன்ஐஹெச் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். கோப்பு முழுவதையும் படித்து ஒரு பட்டியலாகக் கையில் தராது. நீங்கள் ஒரு ஹேண்ட்லர் ஃபங்ஷன் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பெயர்-மதிப்பு வரிக்கும் அது உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிட்டு பிரிவு, பெயர், மதிப்பு மூன்றையும் ஸ்டிரிங்காகத் தரும். தபால்காரர் மாதிரி, கடிதத்தை வாசலில் தருவார், உள்ளே எழுதியிருப்பது சரியா என்று பிரித்துப் பார்க்க மாட்டார். இங்கே புதியவர்கள் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, அது தரும் ஸ்டிரிங்குகள் அந்தக் கூப்பிடுதல் முடியும் வரைதான் உயிரோடு இருக்கும். பாயிண்டரை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு குப்பைதான் கிடைக்கும், நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு, ஹேண்ட்லர் வெற்றிக்குப் பூச்சியம் அல்லாத எண்ணைத் திருப்பித் தர வேண்டும். சி பழக்கத்தில் பூச்சியம் போட்டால் எல்லா வரியும் தப்பு என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் வெளியே இருக்கும் பார்ஸ் ஃபங்ஷனுக்குப் பூச்சியம்தான் வெற்றி. மைனஸ் 1 வந்தால் கோப்பைத் திறக்க முடியவில்லை. நேர் எண் வந்தால் அது முதல் தப்பு வரியின் எண். இந்த முரண்பாட்டைப் பார்த்து எரிச்சல் வரும், ஆனால் வரி எண் கிடைப்பது பெரிய உதவி, கீழே சொல்கிறேன்.

தமிழில் எழுதப் போகிறீர்கள் என்பதால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். இந்த லைப்ரரியின் வரம்புகள் எல்லாம் பைட் கணக்கில். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட், புள்ளியும் துணைக்கால்களும் கொம்புகளும் தனித்தனிக் குறியீடு. ‘பட்டர்வொர்த்’ என்பது நமக்கு ஏழு எழுத்து, கோப்பில் 36 பைட். ஐஎன்ஐஹெச்சில் ஒரு வரிக்கு இயல்பான உச்ச அளவு 200 பைட். ஆங்கிலத்துக்குத் தாராளம். தமிழில் ஒரு முழு முகவரியை ஒரே வரியில் எழுதினால் பினாங்கு என்று முடிப்பதற்குள் தீர்ந்துவிடும். கம்பைல் செய்யும்போது அந்த அளவை 2000 என்று மாற்றிக்கொள்ளுங்கள், கணினியில் அது ஒரு பாரமே இல்லை.

வரி நீளத்தைவிட நயவஞ்சகமானது பிரிவுப் பெயரின் வரம்பு. அது 50 பைட், கடைசியில் வரும் பூச்சியத்தைக் கழித்தால் 49. அதற்கு மேல் போனால் சத்தமில்லாமல் வெட்டிவிடும். உதாரணத்துக்கு ஒரு பிரிவுக்கு இப்படிப் பெயர் வைக்கிறீர்கள் என்று வையுங்கள்:

[ரசீதின் அடிப்பகுதி]

பதினேழு தமிழ்க் குறியீடு, ஓர் இடைவெளி, மொத்தம் 52 பைட். ஹேண்ட்லருக்கு வந்து சேர்வது ‘ரசீதின் அடிப்பகுத’. கடைசிக் கொக்கி மட்டும் போய்விட்டது. உங்கள் ஒப்பீடு பொருந்தாது, எந்தப் பிழையும் காட்டாது, நன்றி வாசகம் மட்டும் ரசீதில் வராது. [ரசீது] என்று வைத்துவிடுங்கள். குட்டையான பெயர் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

அடுத்தது ஒகர, ஓகாரம். ‘மொழி’ என்று ஒரு பெயர் வைத்தீர்கள் என்றால், அந்த ‘மொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: மகரமும் ஒற்றை ஒகரக் குறியும், அல்லது மகரமும் ஒற்றைக் கொம்பும் துணைக்காலும். திரையில் ஒரே மாதிரி. பைட் ஒப்பீட்டில் வேறு வேறு. இன்றைய விசைப்பலகைகளில் பெரும்பாலும் முதல் வகைதான் வரும், ஆனால் எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய எழுத்தில் இரண்டாவது வகை வரலாம். சரியான வழி ஒப்பிடுவதற்கு முன்பு யூனிகோட் நார்மலைசேஷன், அதாவது ஒரே எழுத்தின் வேறு வேறு வடிவங்களை ஒன்றாக்குவது. அதற்காக ஒரு பெரிய லைப்ரரியை இழுத்து வருவது இந்த வேலைக்கு அதிகம். மூன்று உயிர்மெய்க் குறிகள்தானே (ஒகரம், ஓகாரம், ஔகாரம்), இரண்டு துண்டாக வந்தால் ஒன்றாக்கும் ஒரு சின்ன ஃபங்ஷன் போதும். அதுகூட வேண்டாம் என்றால் பெயர்களில் இந்த மூன்று குறியும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பில் எப்படி வந்தாலும் கவலை இல்லை, அது அச்சாகத்தானே போகிறது.

நோட்பேடில் மாற்றுபவர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு. அழகாக இருக்கட்டும் என்று உள்தள்ளி எழுதுவார்கள்:

[வரி]
  சேவை_வரி = 6
  சேவைக்_கட்டணம் = 10

பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐஎன்ஐஹெச்சில் இடைவெளியில் தொடங்கும் வரி என்றால் முந்தைய மதிப்பின் தொடர்ச்சி என்று பொருள். முதல் வரி பிழைத்துவிடும், ஏனென்றால் பிரிவுக்குள் அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. இரண்டாவது வரி முழுதும் சேவை_வரியின் இன்னொரு மதிப்பாக ஹேண்ட்லருக்கு வரும்: ‘சேவைக்_கட்டணம் = 10’. பைத்தான் மொழியோடு வரும் ஐஎன்ஐ லைப்ரரியான கான்ஃபிக்பார்சர் முந்தைய பெயரைவிட ஆழமாக உள்தள்ளியிருந்தால் மட்டுமே தொடர்ச்சி என்று எடுக்கும், அதனால் அங்கே மேலே உள்ள கோப்பு சரியாக வேலை செய்யும். உங்களுக்குப் பலவரி மதிப்பு தேவையில்லை என்றால் அந்த வசதியைக் கம்பைல் செய்யும்போதே அணைத்துவிடுங்கள். நான் அணைத்துவிடுவேன்.

அரைப்புள்ளி விஷயமும் அதே ரகம். இடைவெளிக்குப் பின் அரைப்புள்ளி வந்தால் அங்கிருந்து குறிப்பு என்று நினைத்து வெட்டிவிடும். ‘நன்றி; மீண்டும் வருக’ தப்பித்துவிடும். ‘நன்றி ; மீண்டும் வருக’ என்று இடைவெளி விட்டு எழுதினால் ரசீதில் வெறும் ‘நன்றி’தான். இதையும் அணைத்துவிட்டு, குறிப்பு என்றால் தனி வரியில் எழுதுங்கள் என்று கோப்பின் தலையிலேயே சொல்லிவிடலாம்.

இனி வரிக்கு வருவோம், அரசாங்கத்துக்குக் கட்டுகிற வரி. கான்ஃபிக் (அமைப்பு) கோப்பு ஏன் வேண்டும் என்பதற்கு மலேசியாவைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2015 ஏப்ரல் 1-இல் 6 விழுக்காடு ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி). 2018 ஜூன் 1-இல் அது பூச்சியம். அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) திரும்ப வந்தது. 2024 மார்ச் 1-இல் சேவை வரி 8 விழுக்காடு ஆனது, ஆனால் உணவு, பானத்துக்கு மட்டும் 6-ஆகவே விட்டார்கள். எண்ணை நிரலுக்குள் எழுதி வைத்தவர்கள் ஒவ்வொரு முறையும் கடை கடையாக ஓடியிருப்பார்கள்.

ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டாத உணவகம் சேவை வரிக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆகவே அம்மாவின் கடைக்கு அந்த எண் பூச்சியமாக இருக்கலாம், பூச்சியம் சரியான மதிப்பு. இப்போது ஸ்டிரிங்கை எண்ணாக்கும் சி-யின் பழைய ஃபங்ஷனை, அதுதான் ஏடிஓஐ, நினைத்துப் பாருங்கள். ‘ஆறு’ என்று எழுதினால் பூச்சியம் தரும். வெறுமையாக விட்டாலும் பூச்சியம். ‘6%’ என்றால் குறியைக் கண்டுகொள்ளாமல் 6. வரி கிடையாது என்று முடிவு செய்து எழுதிய பூச்சியமும், கை தவறி வந்த பூச்சியமும் உங்களுக்கு ஒன்றாகவே தெரியும். பதிவு செய்த கடையாக இருந்தால் ஒரு மாதம் வரி வாங்காமல் பில் போட்டுவிட்டுச் சுங்கத்துறைக்குக் கைக்காசைக் கட்ட வேண்டியதுதான். ஸ்ட்ரிட்டால் (strtol) என்னும் மற்றொரு ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். எங்கே படிப்பதை நிறுத்தினோம் என்று அது சொல்லும். ஓர் எண்கூடப் படிக்கவில்லை என்றாலோ, எண்ணுக்குப் பின்னால் மிச்சம் ஏதாவது இருந்தாலோ பிழை.

பிழை என்றால் என்ன செய்வது? இங்கேதான் உங்கள் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். ‘கான்ஃபிக் பிழை’ என்று ஒரு பெட்டி காட்டி மூடிவிட்டால், பகல் பன்னிரண்டு மணிக் கூட்டத்தில் அண்ணன் என்ன செய்வார்? இப்படி எழுதுங்கள்:

வரி எண் 7: சேவை_வரி என்ற இடத்தில் ‘6%’ என்று இருக்கிறது. எண் மட்டும் எழுதவும். உதாரணம்: 6

எந்த வரி, என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும். மூன்றும் வேண்டும். ஹேண்ட்லருக்கு வரி எண்ணையும் சேர்த்துத் தரும்படி கேட்க லைப்ரரியில் ஒரு கம்பைல் தேர்வு இருக்கிறது, இயல்பாக அணைந்திருக்கும், போட்டுக்கொள்ளுங்கள்.

தெரியாத பெயர் வந்தாலும் சும்மா விடாதீர்கள். பலர் அடையாளம் தெரிந்த பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கண்டுகொள்ளாமல் போவார்கள். நம்மவர்கள் ‘சேவை_வறி’ என்று எழுதுவார்கள், ரகரமும் றகரமும் நமக்கு எப்போதும் சண்டைதான். கண்டுகொள்ளாத நிரலில் அந்த வரி காற்றில் போகும், இயல்பு மதிப்பு உள்ளே வரும், மாற்றினேனே ஏன் மாறவில்லை என்று உங்களுக்கு அழைப்பு வரும். ‘சேவை_வறி என்று ஒன்று எனக்குத் தெரியாது, சேவை_வரியா?’ என்று கேட்கிற நிரல்தான் நல்ல நிரல். ஒரே பெயர் இரண்டு முறை வந்தாலும் சொல்லுங்கள். பைத்தான் அதைத் தானாகவே பிழை என்று சொல்லும், ஐஎன்ஐஹெச் ஹேண்ட்லரை இரண்டு முறை கூப்பிட்டுவிட்டுப் போய்விடும்.

இயல்பு மதிப்புகளில் எனக்கு ஒரு கொள்கை உண்டு: காசைத் தொடும் எதற்கும் இயல்பு மதிப்பு கிடையாது. பிரிண்டர் அகலம் எழுதவில்லையா, 32 என்று வைத்துக்கொள்ளுங்கள், 58 மில்லிமீட்டர் தாளில் சாதாரண எழுத்துரு அவ்வளவுதான் கொள்ளும். (அது ஆங்கில எழுத்துக் கணக்கு. தமிழை அந்தப் பிரிண்டர்களுக்குப் பெரும்பாலும் படமாக்கித்தான் அனுப்ப வேண்டியிருக்கும், அது தனிக் கதை.) சேவை வரி எழுதவில்லையா, நிரல் ஓடக் கூடாது. பூச்சியம் என்றால் பூச்சியம் என்று எழுதட்டும். சேவை வரி வேறு, கடை தனக்காக வாங்கும் சேவைக் கட்டணம் வேறு, இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கட்டும்.

மறுபக்கம், எல்லாவற்றையும் கான்ஃபிக்கில் கொட்டவும் வேண்டாம். மொத்தத் தொகையை ஐந்து காசுக்குச் சரிசெய்வது 2008 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க ஒரே விதி: 1, 2, 6, 7 கீழே, 3, 4, 8, 9 மேலே. கடைக்குக் கடை மாறாத அது நிரலுக்குள் இருக்கட்டும், கோப்பில் போட்டால் யாராவது மாற்றுவார்கள். அதேபோல ஓடும் பில் எண்ணையும் அங்கே வைக்காதீர்கள். மனிதர் எழுதும் கோப்பில் நிரல் கைவைக்கக் கூடாது. இந்த லைப்ரரிக்கு எழுதவே தெரியாது, அதை நான் நல்லதாகத்தான் பார்க்கிறேன். பைத்தானுக்கு எழுதத் தெரியும், ஆனால் எழுதும்போது அம்மா போட்டு வைத்த குறிப்புகள் அத்தனையும் அழிந்துவிடும். இன்னொன்று: பில் பதிவில் அன்றைய வரி விகிதத்தையும் சேர்த்துச் சேமியுங்கள். பழைய ரசீதை மறுபடி அச்சடிக்கும்போது இன்றைய கான்ஃபிக்கைப் பார்த்துக் கணக்குப் போட்டால் தொகை மாறிவிடும்.

ஜேசன், யாமல் பற்றிக் கேட்டீர்கள். ஜேசனில் குறிப்பு எழுத இடமில்லை, கடைசியில் ஒரு காற்புள்ளி கூடினால் கோப்பே செல்லாது. நிரலும் நிரலும் பேச நல்லது, அம்மாவுக்கு வேண்டாம். யாமல் பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் மதிப்பைத் தானே ஊகிக்கும். அலோர் ஸ்டார் அஞ்சல் குறியீடு 05000. பைத்தானில் பரவலாக இருக்கும் பையாமல் என்ற யாமல் லைப்ரரி அதைப் படித்தால் 2560 என்று தரும். பூச்சியத்தில் தொடங்குவதால் எட்டடிமான (எட்டை அடியாகக் கொண்ட) எண் என்று நினைத்துக்கொள்கிறது, அதன் பழைய விதி அப்படி. ஐஎன்ஐயில் எல்லாமே ஸ்டிரிங், 05000 என்றால் 05000-தான். டாம் பிரஸ்டன்-வெர்னர் உருவாக்கிய டாமல் என்ற இன்னொரு கோப்பு வடிவம் இவற்றில் ஒழுங்கானது, 2021-இல் 1.0 பதிப்பு வந்தது. ஆனால் அந்தப் பதிப்பில் மேற்கோள் இல்லாத பெயர் என்றால் ஆங்கில எழுத்து, எண், கோடுகள் மட்டும்தான். தமிழ்ப் பெயர் ஒவ்வொன்றையும் மேற்கோளுக்குள் வைக்க வேண்டும், மறந்தால் பிழை. ஆங்கிலப் பெயர்களோடு எழுதும் இடத்தில் நான் டாமலைத்தான் எடுப்பேன். உங்கள் கடைக்கு இல்லை.

பிறகு பைத்தானுக்கு மாறினால் கான்ஃபிக்பார்சரிடம் இரண்டைச் சொல்லிவிடுங்கள்: என்கோடிங் யூடிஎஃப்-8, பிஓஎம் வரலாம் என்றால் அதற்கான ‘சிக்’ வகை, அப்புறம் இன்டர்போலேஷன் (ஒரு மதிப்புக்குள் இன்னொரு மதிப்பைப் பொருத்தும் வசதி) வேண்டாம். இரண்டாவதைச் சொல்லாவிட்டால் மதிப்பில் வரும் விழுக்காட்டுக் குறியை அது வேறு பொருளில் எடுத்து ‘10% தள்ளுபடி’ என்ற வாசகத்தில் விழும். கோப்பை ஏற்றும்போது ஒன்றும் சொல்லாமல், அந்த மதிப்பைக் கேட்கும்போதுதான் விழும், அதாவது ரசீது அச்சாகிற நேரத்தில். கோப்பே இல்லாவிட்டாலும் அது குறை சொல்லாது. எந்தெந்தக் கோப்பைப் படித்தது என்று ஒரு பட்டியல் திருப்பித் தரும், அது காலியா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கடையில் வைப்பதற்கு முன்பு ஒரு ஃபோல்டரில் கெட்ட கோப்புகளாகச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்: பிஓஎம் உள்ளது, உள்தள்ளியது, ‘6%’ எழுதியது, ‘வறி’ எழுதியது, இரண்டு துண்டு ஒகரம் உள்ளது, நீண்ட முகவரி உள்ளது, முழுக்கக் காலியானது. நிரலை ஒவ்வொன்றோடும் ஓட்டி, வரும் செய்தியை அண்ணனிடம் காட்டுங்கள். அவர் உங்களைக் கேட்காமல் தானே திருத்தினால் அந்தச் செய்தி சரி. இல்லையென்றால் செய்தியை மாற்றி எழுதுங்கள்.